குறை தெரிந்த பின் தொடங்கும் கடமை

புதியவர் ஒருவரைச் சந்திக்கின்றோம். முகமலர்ச்சியுடன் ஸலாம் உரைக்கின்றார்; இனிமையாகப் பேசுகின்றார்; ஜமாஅத்துத் தொழுகையில் முன்வரிசையில் வந்து நிற்கின்றார். 'இவரன்றோ மனிதர்!' என்று நம் உள்ளம் உடனே தீர்ப்பு எழுதி விடுகின்றது. ஆறு திங்கள் கழிகின்றன. அவருக்குச் சினம் விரைவில் வரும் என்பதும், சொன்ன சொல்லைச் சிற்சில வேளைகளில் மறந்து விடுவார் என்பதும், கைமாற்றாக வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்டால் முகம் சுருங்கும் என்பதும் ஒவ்வொன்றாகத் தெரிய வருகின்றன. அப்பொழுது அதே உள்ளம் இரண்டாவது தீர்ப்பையும் எழுதுகின்றது: 'ஏமாந்து போனோம், இவர் இத்தகையவர் என்று அன்றே தெரியாமற் போயிற்றே!'

நட்பு முறிவதும், கூட்டு வணிகம் குலைவதும், சம்பந்திகள் பேச்சு வார்த்தையின்றிப் பிரிவதும், மணமாகி ஓராண்டு நிறையுமுன் தம்பதியர் முகம் திருப்பிக் கொள்வதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது தீர்ப்பின் விளைவுகளே. இரண்டு தீர்ப்புகளில் எது சரி என்று கேட்டால், இரண்டுமே அவசரத்தில் எழுதப்பட்டவை என்பதே நம் மார்க்கம் தரும் விடையாகும். முன்னது அம்மனிதரை அறியாமல் எழுதப்பட்டது. பின்னதோ, மனிதன் என்பவன் எத்தகைய படைப்பு என்பதையே எண்ணாமல் எழுதப்பட்டது.

ஒருவருடைய குறை நமக்குத் தெரிய வரும் நாளில் உறவு முடிந்து விடுவதில்லை. உண்மையில் அன்றுதான் அவர்பால் நமக்குரிய கடமை தொடங்குகின்றது. இதனை அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்தும், அவர்களுடைய தோழர்களின் வரலாற்றிலிருந்தும் சற்று விரிவாகக் காண்போம்.

கண் எழுதும் தீர்ப்பு

ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ஒன்று ஸஹீஹுல் புகாரியில் இடம் பெற்றுள்ளது. ஒருநாள் பெருமானார் (ஸல்) அவர்களைக் கடந்து ஒருவர் சென்றார். இவரைப் பற்றி என்ன கருதுகின்றீர்கள் என்று அவர்கள் அருகிலிருந்தோரிடம் வினவினார்கள். இவர் பெண் கேட்டால் கொடுக்கப்படும், பரிந்து பேசினால் ஏற்கப்படும், வாய் திறந்தால் செவிமடுக்கப்படும் என்று விடை வந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் ஒன்றும் கூறாமல் இருந்தார்கள். சிறிது நேரத்தில் வறியவர் ஒருவர் அவ்வழியே சென்றார். முன் கேட்ட வினாவையே மீண்டும் கேட்டார்கள். இவர் பெண் கேட்டால் கிடைக்காது, பரிந்து பேசினால் ஏற்கப்படாது, பேசினாலும் கேட்பாரில்லை என்றனர். அப்பொழுது பெருமானார் (ஸல்) அவர்கள், முன்னவரைப் போன்றோர் பூமி நிறைய இருந்தாலும் அவர்கள் அனைவரையும்விட இந்த ஒருவர் மேலானவர் என்று அறிவித்தார்கள்.

இங்கே தீர்ப்புக் கூறியவர்கள் நபித்தோழர்கள் என்பதை மறந்து விடலாகாது. அத்தகைய மேன்மக்களின் கண்களும் ஆடையையும் தோற்றத்தையும் ஊரார் மதிப்பையுமே முதலில் அளந்தன. நம்முடைய கண்கள் எம்மாத்திரம்?

திருக்குர்ஆனின் 63ஆம் அத்தியாயம் நயவஞ்சகர்களைப் பற்றியது. அவர்களுடைய உடற்தோற்றம் காண்போரைக் கவரும் என்றும், அவர்கள் பேசினால் கேட்கத் தோன்றும் என்றும், ஆனால் அவர்கள் சுவரில் சாய்த்து வைக்கப்பட்ட மரக்கட்டைகளை ஒத்தவர்கள் என்றும் அதன் நான்காம் வசனம் உணர்த்துகின்றது. பார்வைக்கு அழகும் பேச்சுக்கு இனிமையும் நற்குணத்திற்குச் சான்று ஆக மாட்டா என்பதற்கு இதனினும் தெளிவான எச்சரிக்கை வேண்டுவதில்லை.

கலீபா கேட்ட மூன்று கேள்விகள்

அங்ஙனமாயின் ஒருவரை அறிந்தேன் என்று எப்பொழுது சொல்லலாம்? இதற்குக் கலீபா உமர் (ரலி) அவர்களின் வாழ்வில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி அரிய விளக்கமாக அமைகின்றது.

வழக்கு ஒன்றில் சாட்சி சொல்ல ஒருவர் வந்தார். உம்மை நான் அறியேன்; நான் அறியாததால் உமக்கு இழுக்கு ஒன்றுமில்லை; எனினும் உம்மை அறிந்த ஒருவரை அழைத்து வாரும் என்று கலீபா கூறினார்கள். அங்கிருந்த மற்றொருவர், இவரை நான் அறிவேன், நேர்மையும் சிறப்பும் உடையவர் என்று முன்வந்தார்.

உமர் (ரலி) அவர்கள் அவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டார்கள். இவருடைய இரவும் பகலும், வருகையும் போக்கும் தெரியும் அளவிற்கு நீர் இவருடைய அண்டை வீட்டாரா? அவர் இல்லை என்றார். ஒருவருடைய பேணுதலைக் காட்டித் தரும் பொற்காசிலும் வெள்ளிக்காசிலும் இவருடன் நீர் கொடுக்கல் வாங்கல் செய்ததுண்டா? அதற்கும் இல்லை என்றார். ஒருவருடைய நற்குணத்தை வெளிக்கொணரும் பயணத்தில் இவருக்குத் துணையாகச் சென்றதுண்டா? அதற்கும் இல்லை என்றே விடை வந்தது. அப்படியானால் நீர் இவரை அறிந்தவர் அல்லர் என்று கலீபா முடித்து விட்டார்கள். பள்ளிவாசலில் இவர் தலையைத் தாழ்த்துவதையும் உயர்த்துவதையும் பார்த்திருப்பீர் போலும் என்று அவர்கள் கூறியதாகவும் ஓர் அறிவிப்பில் வருகின்றது.

இக்கேள்விகளை ஊன்றி நோக்குங்கள். இம்மூன்றும் ஒருவருடைய நிறைகளை மட்டுமா காட்டும்? குறைகளையும் அல்லவா காட்டும்! அடுத்த வீட்டில் வாழ்பவருக்கு நள்ளிரவில் உயரும் குரல் கேட்கும். கொடுக்கல் வாங்கலில் இறங்கியவருக்குக் காசின்மீதுள்ள பற்று தெரியும். உடன் பயணம் செய்தவருக்குப் பசியிலும் களைப்பிலும் வெளிப்படும் எரிச்சல் தெரியும். ஒருவருடைய குறைகளைக் காணும் தொலைவுக்கு நெருங்காதவர் அவருடைய நிறைக்குச் சாட்சி சொல்லவும் தகுதியற்றவர் என்பதே கலீபாவின் தீர்ப்பிலிருந்து நாம் பெறும் பாடம். எனவே, பழகப் பழகக் குறை தெரிகின்றது என்றால் அது நட்பு கெட்டதற்கு அடையாளம் அன்று. நாம் இப்பொழுதுதான் அவரை அறியத் தொடங்கியிருக்கின்றோம் என்பதற்கே அது அடையாளம்.

பயணத்திற்கு அரபு மொழியில் 'ஸஃபர்' என்று பெயர். மூடியிருப்பதைத் திறந்து காட்டுதல் என்னும் பொருளும் அதன் வேர்ச்சொல்லுக்கு உண்டு. மனிதர்களின் குணங்களைத் திறந்து காட்டுவதால்தான் பயணம் இப்பெயரைப் பெற்றது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் விளக்குகின்றார்கள். பம்பாய்த் துறைமுகத்திலிருந்து ஜித்தாவுக்குக் கப்பலேறிச் சென்ற ஹாஜிகளைக் கேட்டால் இதன் உண்மை விளங்கும். அக்கப்பல் பயணம் 1995ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. நாட்கணக்கில் ஒரே தளத்தில் படுத்து, ஒரே வரிசையில் உணவுக்கு நின்று சென்றவர்களுக்கிடையே எந்தத் திரையும் மிஞ்சியிராது. விமானத்தில் செல்லும் இக்காலத்திலும் மினாவின் கூடாரத்தில் அதே சோதனை காத்திருக்கின்றது. ஹஜ்ஜுடைய காலத்தில் இச்சைப் பேச்சும் பாவச் செயலும் வீண் சச்சரவும் கூடாது என்று திருக்குர்ஆனின் 2ஆம் அத்தியாயம் 197ஆம் வசனம் தடுத்திருப்பதை இங்கு நினைவு கொள்வோம். புனிதப் பயணத்திலும் மனிதன் மனிதனாகவே இருப்பான் என்பதைப் படைத்தவன் அறிவான் அல்லவா!

ஹாத்திப் (ரலி) அவர்களின் கடிதம்

நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பெருங்குறை ஒன்று வெளிப்பட்டால் எவ்வாறு நடந்து கொள்ள வேண்டும்? ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் மதீனா நகரமே இக்கேள்வியை எதிர்கொண்டது.

ஹாத்திப் இப்னு அபீ பல்தஆ (ரலி) அவர்கள் பத்ருப் போரில் பங்கு கொண்டவர். எகிப்தின் அதிபர் முகவ்கிஸிடம் பெருமானாரின் மடலை எடுத்துச் சென்ற தூதர். மக்காவை நோக்கிப் புறப்பட நாயகம் (ஸல்) அவர்கள் ஆயத்தமாகிக் கொண்டிருந்த வேளை அது. அச்செய்தியைக் குறைஷியருக்குத் தெரிவித்து அவர் ஒரு கடிதம் எழுதினார். ஒரு பெண்ணிடம் கொடுத்து மறைவாக அனுப்பினார். இறைவன் இதனைத் தன் தூதருக்கு அறிவித்தான். அலீ (ரலி), ஸுபைர் (ரலி), மிக்தாத் (ரலி) ஆகியோர் அனுப்பப்பட்டனர். ரவ்ளத்து காக் என்னும் இடத்தில் அப்பெண்ணைக் கண்டனர். முதலில் மறுத்த அவள், பின்னர்த் தன் கூந்தற் பின்னலிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள்.

போர்க்காலத்தில் இத்தகைய செயல் எவ்வளவு கொடியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் தீர்ப்புக் கூறவில்லை. ஹாத்திபே, இது என்ன என்று கேட்டார்கள். அவசரப்பட வேண்டாம் என்று வேண்டிக் கொண்ட ஹாத்திப் (ரலி) அவர்கள் தம் நிலையை எடுத்துரைத்தார். தாம் குறைஷிக் குலத்தவர் அல்லர். வெளியிலிருந்து வந்து அவர்களுடன் சேர்ந்தவர். மற்ற முஹாஜிர்களுக்கு மக்காவிலுள்ள குடும்பத்தைக் காக்க அங்கு உறவினர் உளர், தமக்கு எவருமில்லை. குறைஷியருக்கு ஓர் உதவி செய்து வைத்தால் தம் குடும்பம் பிழைக்கும் என்று எண்ணியே எழுதியதாகவும், ஈமானை விட்டு விலகி அன்று என்றும் கூறினார். இவர் உண்மையையே உரைத்தார் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள்.

உமர் (ரலி) அவர்களுக்கு மனம் பொறுக்கவில்லை. இவரை வெட்டி விட அனுமதி தாருங்கள் என்றார்கள். இவர் பத்ரில் கலந்து கொண்டவர் அல்லவா என்று நாயகம் (ஸல்) அவர்கள் நினைவூட்டினார்கள். பத்ருடையோருக்கு அல்லாஹ் மன்னிப்பு அருளியிருக்கக் கூடும் என்பதையும் எடுத்துக் கூறினார்கள். சற்று முன் வாளைத் தேடிய உமர் (ரலி) அவர்களின் கண்கள் கலங்கின.

செயல் தவறு என்பது மறைக்கப்படவில்லை. அல்மும்தஹினா அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் அச்செயலைக் கண்டித்தே இறங்கின. ஆனால் அக்கண்டனம், ஈமான் கொண்டோரே என்று விளிப்பதுடன்தான் தொடங்குகின்றது. தவறு செய்தவரை ஈமானின் வட்டத்திற்குள் வைத்துக் கொண்டே இறைவன் திருத்துகின்றான்.

பெருமானார் (ஸல்) அவர்களின் அணுகுமுறையில் மூன்று படிகளைக் காண்கின்றோம். முதலாவதாக, குற்றம் சாட்டப்பட்டவரையே அழைத்துக் காரணம் கேட்டார்கள். இரண்டாவதாக, அவர் சொன்னதில் உண்மை இருந்ததை ஒப்புக் கொண்டார்கள். மூன்றாவதாக, இன்றைய ஒரு குறையைக் காட்டி நேற்றைய பத்ரை அழித்து விடவில்லை. நாமோ பெரும்பாலும் முதற்படியிலேயே தவறி விடுகின்றோம். யார் மீது குறை சொல்கின்றோமோ அவரைத் தவிர ஊரிலுள்ள எல்லோரிடமும் விசாரித்து விடுகின்றோம்!

மனிதர் வேறு, குறை வேறு

அப்துல்லாஹ் என்னும் பெயருடைய நபித்தோழர் ஒருவர் இருந்தார். வேடிக்கையாகப் பேசிப் பெருமானாரைச் சிரிக்க வைப்பவர். அவரிடம் மது அருந்தும் பழக்கம் இருந்தது. அதற்காகத் தண்டனையும் பெற்றார். மறுபடியும் ஒருநாள் அதே குற்றத்திற்காகக் கொண்டு வரப்பட்டார். எத்தனை முறை இவர் கொண்டு வரப்படுகின்றார் என்று கூறி ஒருவர் அவரைச் சபித்தார். உடனே நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இவரைச் சபிக்காதீர்கள், இவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்பதையே தாம் அறிந்திருப்பதாகக் கூறினார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி.

தண்டனை தவிர்க்கப்படவில்லை, மது ஆகும் என்று சொல்லப்படவுமில்லை. குறை குறையாகவே நின்றது. ஆயினும் அக்குறைக்குள் அம்மனிதர் முழுவதும் மூழ்கி விட்டதாகக் கருத அனுமதி கிடைக்கவில்லை. ஒருவருக்கு ஒரு குறை தெரிந்ததும் அக்குறையையே அவருக்குப் பெயராக்கி, கஞ்சன் என்றும் கோபக்காரன் என்றும் அழைத்துப் பழகிய நாவுகள் இந்நிகழ்ச்சியைச் சிந்திக்க வேண்டும். பட்டப்பெயர் சூட்டுவதை அல்ஹுஜுராத் அத்தியாயம் வெளிப்படையாகவே தடுத்திருக்கின்றது.

தமிழ் மறையாம் திருக்குறளிலும் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தில், ஒருவரிடமுள்ள குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து எது மிகுதியோ அதனைக் கொண்டே அவரை மதிக்க வேண்டும் என்னும் கருத்து கூறப்பட்டுள்ளது. குற்றமே இல்லாதவரைத் தேடு என்று வள்ளுவரும் கூறவில்லை. அத்தகையவர் கிடைக்க மாட்டார் என்பதை அவரும் அறிந்திருந்தார்.

ஆடையின் இலக்கணம்

இவை அனைத்தும் மிகுதியாகத் தேவைப்படும் இடம் நம்முடைய இல்லமே. பெண் பார்க்கச் செல்லும் நாளில் இரு வீட்டாரும் தம் சிறந்த ஆடையையும் சிறந்த சொல்லையுமே அணிந்திருப்பர். அந்நாளைய தோற்றத்தை எவரும் ஆயுள் முழுவதும் சுமந்து கொண்டிருக்க முடியாது. நிக்காஹ் முடிந்து விருந்துகள் ஓய்ந்த பின்னர், காலைக் கடுகடுப்பும், சமையலில் கை தவறுதலும், செலவில் சிக்கனமின்மையும், தாய் வீட்டுப் பெருமையும், தொட்டதற்கெல்லாம் முகம் வாடுதலும் தெரியத் தொடங்கும். கணவனின் குறைகள் மனைவிக்கும், மனைவியின் குறைகள் கணவனுக்கும், மருமகளின் குறைகள் மாமியாருக்கும், மாமியாரின் குறைகள் மருமகளுக்கும் ஒளிவு மறைவின்றிப் புலப்படும்.

இந்நிலையில் ஆண்களை நோக்கித் திருக்குர்ஆன் 4ஆம் அத்தியாயம் 19ஆம் வசனத்தில் கட்டளை பிறக்கின்றது. மனைவியருடன் நல்ல முறையில் வாழுமாறு அது பணிக்கின்றது. அவர்களை நீங்கள் வெறுத்தாலும், நீங்கள் வெறுக்கும் ஒன்றில் அல்லாஹ் மிகுந்த நன்மையை வைத்திருக்கலாம் என்று நினைவூட்டுகின்றது. ஈமான் கொண்ட ஓர் ஆண், ஈமான் கொண்ட தன் மனைவியை வெறுத்து விடலாகாது. அவளிடம் ஒரு குணம் பிடிக்காவிட்டால் மற்றொரு குணம் பிடிக்கும் என்னும் கருத்துள்ள நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது. குறை இராது என்று இவ்விரண்டும் ஆறுதல் கூறவில்லை. குறையைக் கண்ட கண் அங்கேயே நின்று விடாமல் அடுத்த குணத்தையும் பார்க்க வேண்டும் என்றே கூறுகின்றன.

கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை என்று 2ஆம் அத்தியாயம் 187ஆம் வசனம் உவமை கூறுகின்றது. உடலிலுள்ள தழும்பும் மச்சமும் புண்ணும் ஊராருக்குத் தெரியா. உடலோடு ஒட்டிக் கிடக்கும் ஆடைக்குத் தெரியும். அனைத்தையும் அறிந்திருந்தும் அனைத்தையும் மறைத்து நிற்பதே ஆடையின் இலக்கணம். கணவனின் குறையைத் தாய் வீட்டில் விரித்துரைக்கும் மனைவியும், மனைவியின் குறையை நண்பர் கூட்டத்தில் நகைப்புக்கு இரையாக்கும் கணவனும் தம்மை அல்லாஹ் எதற்கு ஒப்பிட்டான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எப்பொழுது மறைப்பது, எப்பொழுது உரைப்பது?

ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவருடைய குறையை அல்லாஹ் மறுமையில் மறைப்பான் என்று நபிமொழிகள் நற்செய்தி கூறுகின்றன. ஐயம் கொள்வதையும், துருவித் துருவி ஆராய்வதையும், புறம் பேசுவதையும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் ஒருசேரத் தடுக்கின்றது. இவ்வரிசையே ஒரு பாடம். ஐயம் முதலில் பிறக்கின்றது. அது துருவி ஆராயத் தூண்டுகின்றது. ஆராய்ந்து அறிந்ததைப் பிறரிடம் கூறாமல் நாவு அடங்குவதில்லை. மக்களின் குறைகளைத் தேடித் திரிந்தால் அவர்களைக் கெடுத்து விடுவீர் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் முஆவியா (ரலி) அவர்களை எச்சரித்ததாக அபூதாவூதில் வருகின்றது.

ஆயினும் மறைத்தல் என்பது எல்லா வேளைகளிலும் வாய் மூடி இருப்பதன்று. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். மணவிலக்குப் பெற்று இத்தா முடிந்த நிலையில் முஆவியா (ரலி), அபூஜஹ்ம் (ரலி) ஆகிய இருவரும் அவரைப் பெண் கேட்டனர். அவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை நாடினார். முஆவியா பொருள் வசதி இல்லாதவர் என்றும், அபூஜஹ்ம் தோளிலிருந்து கோலைக் கீழே வைக்காதவர் என்றும் ஒளிக்காமல் கூறிய பெருமானார் (ஸல்) அவர்கள், உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களை மணந்து கொள்ளுமாறு அறிவுரை கூறினார்கள்.

கேட்டவுடன் ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கு உஸாமாவைப் பிடிக்கவில்லை. மீண்டும் அறிவுறுத்தவே மணந்து கொண்டார். அம்மண வாழ்வில் அல்லாஹ் நன்மையை வைத்தான் என்றும், பிறர் தம்மைக் கண்டு ஏங்கும் அளவிற்கு வாழ்ந்ததாகவும் அவரே பின்னர்க் கூறியுள்ளார். பிடிக்காத முதல் எண்ணம் பொய்யாகிப் போனதற்கு இதுவும் ஒரு சான்று.

ஒரு பெண்ணின் வாழ்வு அந்த விடையைப் பொறுத்திருந்தது. அதனால்தான் மறைக்கப்படவில்லை. இத்தகைய தேவைகளை ஆராய்ந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள், ஒருவருடைய குறையை அவர் இல்லாதபோது கூற அனுமதியுள்ள சந்தர்ப்பங்கள் ஆறு என வகுத்துள்ளார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் அதிகாரியிடம் முறையிடுவதும், தீமையைத் தடுக்க உதவி கோருவதும், மார்க்கத் தீர்ப்புக் கேட்பதும், திருமணம் அல்லது கூட்டு வணிகம் குறித்து ஆலோசனை கேட்டவருக்கு உண்மை உரைப்பதும் அவற்றுள் அடங்கும். ஆதலால், அடிபட்டு வரும் மகளிடம் 'குறையை மறை' என்று சொல்லித் திருப்பி அனுப்புவது மார்க்கமன்று. மணமகனின் கொடிய பழக்கத்தை அறிந்திருந்தும், கேட்டவரிடம் தங்கமான பையன் என்று சொல்லி அனுப்புவது குறை மறைத்தலும் அன்று. அது அமானிதத்திற்குச் செய்யும் துரோகம்.

இதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. நாம் சொல்வதால் ஒருவர் தீங்கிலிருந்து காக்கப்படுவாரா, அன்றி ஒருவர் வெறுமனே இழிவுபடுவாரா? முன்னதாயின் தேவையான அளவு உரைப்போம். பின்னதாயின் நாவைக் காப்போம்.

விலகுவதா, கைப்பிடிப்பதா?

நண்பர் ஒருவர் பாவத்தில் வீழ்ந்து விட்டால் அவரை விட்டு விலகுவதா, தொடர்ந்து பழகுவதா என்னும் வினாவை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா உலூமித்தீன் நூலில் ஆராய்ந்துள்ளார்கள். ஹிஜ்ரி 505ஆம் ஆண்டில், அதாவது 1111இல் மறைந்த அப்பெருந்தகை, நபித்தோழர்களிடையே இதில் இரு போக்குகள் இருந்ததை எடுத்துக் காட்டுகின்றார்கள். அபூதர் (ரலி) அவர்கள் விலகிவிட வேண்டும் என்று கருதினார்கள். அபுத்தர்தா (ரலி) அவர்களோ, உன் சகோதரன் மாறி விட்டான் என்பதற்காக அவனைக் கைவிடாதே. அவன் ஒரு வேளை வளைவான், மறு வேளை நிமிர்வான் என்னும் கருத்தினர்.

இரண்டாவது போக்கின் நுட்பத்தை இமாம் அவர்கள் விளக்குகின்றார்கள். மென்மையும் தொடர்பும் அவனைத் திரும்ப அழைத்து வரும். தொடர்பு அறுந்தால் அவன் அப்பாவத்திலேயே நிலைத்து விடக் கூடும். நோயாளியை மருத்துவன் கைவிட்டால் நோய் தீருமா?

மூன்று கேள்விகள் கேட்ட அதே உமர் (ரலி) அவர்களின் மற்றொரு செய்தியும் அந்நூலில் உண்டு. ஷாம் நாட்டுக்குச் சென்ற தம் நண்பர் ஒருவர் மதுவில் வீழ்ந்து விட்டதாகக் கலீபாவுக்குத் தெரிய வந்தது. அவர்கள் வசைமொழி ஒன்றும் எழுதவில்லை. பாவத்தை மன்னிப்பவனும், தவ்பாவை ஏற்பவனும், கடுமையாகத் தண்டிப்பவனுமான இறைவனைப் பற்றிக் கூறும் ஃகாஃபிர் அத்தியாயத்தின் தொடக்க வசனங்களை எழுதி, அவற்றின் கீழே அறிவுரையும் எழுதி அனுப்பினார்கள். அதனைப் படித்த நண்பர் அழுதார். அல்லாஹ் உண்மையே உரைத்தான், உமர் எனக்கு நலம் நாடினார் என்று கூறித் தவ்பாச் செய்து மீண்டார். கடிதம் அவருக்கு மட்டுமே சென்றது என்பதைக் கவனியுங்கள். தனிமையில் கூறப்படுவது அறிவுரை. பலர் நடுவில் கூறப்படுவது அவமானம்.

நம்மை மூடியிருக்கும் திரை

ஒரு முஃமின் மற்றொரு முஃமினுக்குக் கண்ணாடி என்னும் கருத்துள்ள நபிமொழியை நாம் பல முறை கேட்டிருக்கின்றோம். கண்ணாடி முகத்திலுள்ள கறையை முகத்துக்குரியவருக்கு மட்டுமே காட்டுகின்றது. அவர் நகர்ந்து சென்ற பின் அடுத்து வருபவருக்கு அதனைக் காட்டுவதில்லை. தன் குறைகளைத் தானே அறிந்து கொள்ள இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் நான்கு வழிகளைக் கூறியுள்ளார்கள்: நல்ல ஆசிரியரிடம் பயில்வது, உண்மை உரைக்கும் நண்பரை நாடுவது, பகைவர் சொல்லும் பழியிலிருந்து பாடம் பெறுவது, மக்களுடன் பழகும்போது அவர்களிடம் வெறுக்கத்தக்கதாகத் தோன்றும் ஒவ்வொன்றும் தன்னிடமும் உள்ளதா என்று தேடுவது. நான்காவது வழி எவ்வளவு எளிமையானது! பிறரிடம் குறை தெரியும் ஒவ்வொரு வேளையும் நம்மைத் திருத்திக் கொள்ள நமக்குக் கிடைத்த ஒரு வாய்ப்பாகி விடுகின்றது.

நம்மையும் பிறர் முதன்முறையாகப் பார்க்கின்றனர்; நல்லவர் என்று எண்ணுகின்றனர்; ஸலாம் கூறிக் கை கொடுக்கின்றனர். நாம் தனிமையில் செய்வதையும் உள்ளத்தில் நினைப்பதையும் அவர்கள் அறிந்திருந்தால் அந்தக் கையை நீட்டுவார்களா? நம்முடைய மதிப்பு முழுவதும் அல்லாஹ் நம்மீது போட்டு வைத்திருக்கும் திரையின் தயவில் நிற்கின்றது. அடியாரின் குறைகளை மறைப்பதில் விருப்பமுள்ளவன் அவன்.

மறுமை நாளைப் பற்றி இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ஒன்றுண்டு. அந்நாளில் இறைவன் தன் முஃமினான அடியானை அருகில் அழைப்பான். பிறர் காணாதவாறு அவனை மறைத்துக் கொள்வான். இன்ன பாவம் நினைவிருக்கின்றதா, இன்ன பாவம் நினைவிருக்கின்றதா என்று கேட்பான். ஒவ்வொன்றையும் ஒப்புக் கொண்டு, அழிந்தோம் என்று அவ்வடியான் நடுங்கும் வேளையில், இவற்றை உலகில் உனக்காக மறைத்து வைத்தேன், இன்று மன்னித்து விட்டேன் என்று அறிவிப்பான்.

நம்முடைய குறைகள் யாவற்றையும் தொடக்க முதலே அறிந்திருந்தும் நம்மைக் கைவிடாதவன் நம் இறைவன். அவனிடம் அந்த மன்னிப்பை வேண்டி நிற்கும் நாம், இன்று நம் வீட்டிலும் அண்டையிலும் கடைத்தெருவிலும் குறை தெரிந்த ஒருவரை எவ்வாறு நடத்தப் போகின்றோம்? பிறர் குறை மறைக்கும் பெருந்தன்மையையும், நம் குறை களையும் நல்லுணர்வையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.